குளியலறைக் கண்ணாடி மறைப்பு

கிணற்றடியில் துலாவால் அள்ளிய நீரில் குளித்து வளர்ந்தோருக்கு, நீர் எங்கே தெறிக்கிறது என்ற கவலை இருந்ததில்லை. தெறித்த நீர் வாழைக்கும் கமுகுக்கும் பாய்ந்தது. இன்று குளியலறை வீட்டினுள்ளே வந்துவிட்டது. ஷவரிலிருந்து சிதறும் நீர் வாயில்வரை பரவி நிற்க, முதியோர் அதில் வழுக்கி விழ நேரிடுகிறது. ஆதலால் மறைப்பொன்று வேண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய மறைப்பு என்பதே வினா.

பிளாஸ்டிக் திரை மலிவானது. ஆனால் ஈரம் உலராத மடிப்புகளில் கரும் பூஞ்சணம் படியும். குளிப்பவரின் உடலோடு வந்து ஒட்டிக்கொள்ளும் குணமும் அதற்குண்டு. இதனாலேயே பலரும் கண்ணாடியை நாடுகின்றனர். நாமும் நாடினோம்.

கண்ணாடியைப் பொருத்த வந்தவர், சுவரோடு அது சரியாகப் பொருந்தவில்லையென்று கூறி, வெட்டுங் கருவியை எடுத்து ஓர் ஓரத்தை வெகு நேர்த்தியாக வெட்டினார். அவருடைய கைத்திறனை வியந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் சென்ற பின்னரே எமக்கு உறைத்தது: வெட்டக்கூடிய கண்ணாடி குளியலறைக்கு ஆகாத கண்ணாடியன்றோ!

கடைகளில் ‘டெம்பர்’ கண்ணாடி என வழங்கும் உறுதியாக்கிய கண்ணாடியை, முதலில் அளவுக்கு வெட்டி, வேண்டிய துளைகளையும் இட்டு, அதன் பின்னரே 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரு புறமும் காற்றை வேகமாக வீசிக் குளிர்விப்பர். மேற்பரப்பு முந்தி இறுகிவிடும். உட்பகுதி பிந்திச் சுருங்கும்போது மேற்பரப்பை உள்ளிழுத்து அமுக்கத்துக்குள்ளாக்கும். சாதாரண கண்ணாடியிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு வலிமை அதற்கு வருவது இதனாலேயே. உடைந்தாலும் கத்தி போன்ற துண்டுகளாகாது சிறு மணிகளாக உதிரும். ஆனால் குளிர்வித்த பின் அதை வெட்ட முற்பட்டால் முழுப் பலகையுமே நொறுங்கிவிடும். எமது வீட்டில் வெட்டுப்பட்டது வெறும் யன்னற் கண்ணாடியே. மறுநாளே அதைக் கழற்றுவித்தோம்; கொடுத்த பணம் முழுவதும் திரும்பவில்லை.

ஆகவே வாங்குமுன் கண்ணாடியின் மூலையை உற்று நோக்குக. உறுதியாக்கிய கண்ணாடியில் அதனைக் குறிக்கும் அழியாத முத்திரை பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். சட்டமின்றி நிற்கும் பலகையாயின் 8 மில்லிமீற்றர் தடிப்பாவது இருத்தல் நன்று. இதன் வலுக்குறைந்த இடம் விளிம்பு. பொருத்தும்போது வெறுந்தரையில் நிறுத்தவோ உலோகத்தோடு மோதவோ விடலாகாது. வழுக்கிச் செல்லும் கதவுகள் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது மெய்யே. எனினும் அவற்றின் தவாளிப்பில் சேரும் அழுக்கைத் தோண்டியெடுக்கும் பொறுமை எமக்கில்லை. அசையாத ஒற்றைப் பலகையையே நாம் விரும்புகிறோம்.

இனிப் பராமரிப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதுவே பெரும்பாடு. எமது நிலத்தடி நீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவது. அதிற் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று, துளி உலரும்போது காபனேற்றாக மாறி வெண்புள்ளியாய்ப் படிகிறது. சவர்க்காரத்தோடு சேர்ந்து கசடாகவும் ஒட்டுகிறது. இதை இரசாயன பாடத்தில் வன்னீர் என்று மனனஞ்செய்த மாணவர், குளியலறைக் கண்ணாடியிலே கண்ணாரக் காணலாம்!

பரிகாரம் எளிது, ஆனால் நாள்தோறும் செய்யவேண்டியது. குளித்து முடிந்ததும் இறப்பர் விளிம்புடைய துடைப்பானால் மேலிருந்து கீழாக இழுத்துவிட அரை நிமிடம் போதும். படிந்துவிட்ட புள்ளிகளுக்கு, வினாகிரியையும் நீரையும் சம அளவிற் கலந்து தடவி, பத்து நிமிடத்தின் பின் கழுவுக. சலவைக்கல் மீது அது படலாகாது. அமிலம் அதையும் அரிக்கும். வெளிற்றுந் திரவத்தோடு வினாகிரியை ஒருபோதும் கலக்கவேண்டாம். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். உருக்குக் கம்பிச் சுருள் கண்ணாடியைக் கீறிவிடும். மாதக்கணக்கில் விட்டுவைத்த கறையோ எதற்கும் அசையாது.

துடைக்க ஆளில்லாத வீட்டுக்குத் திரைச்சீலையே தக்கது. அதைக் கழற்றித் துவைத்து வெயிலிற் போடலாமே.

புதிய கண்ணாடி வந்தபோது துவாய் போடுவதற்கென ஒரு கம்பியும் அதிற் பூட்டப்பட்டிருந்தது. முதல் நாளே எமது அன்னையார் தொட்டியை விட்டு வெளிவருகையில் அக்கம்பியைத்தான் பற்றிக்கொண்டார். கண்ணாடி எத்துணை உறுதியாயினும் ஆள் பாரத்தைத் தாங்குவதற்கென அமைந்ததன்று. மாலையே மேசனை அழைத்து, அவர் கைக்கெட்டும் உயரத்தில், சுவரினுள் ஆழத் துளையிட்டு வேறொரு பிடிகம்பியைப் பொருத்துவித்தோம். துவாய் இப்போது கதவின் பின்னாலுள்ள ஆணியில் தொங்குகிறது.