அளந்தாயிற்று, தண்ணீர் எங்கே?

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022ம் ஆண்டு மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகாவினர் மண்ணைத் தோண்டினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த மனிதனின் கல்லாயுதங்கள் கிடைத்தன. நல்ல காரியம். பாட்டன் பூட்டன் வாழ்ந்த விதத்தை அறிய வேண்டியதுதான். ஆனால் அதே மண்ணின் மேல், தகரக் கூரையின் கீழ் ஷிப்டு முழுவதும் வேகிற தொழிலாளியின் உடம்பு எப்படி இருக்கிறது? வயலில் குனிந்து களை பறிக்கும் பெண்ணின் உடம்பு எப்படி இருக்கிறது?

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள், தோழர்களே. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிலையத்தின் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக வயல்களிலும் செங்கல் சூளைகளிலும் உப்பளங்களிலும் வெப்பத்தை அளந்து வருகிறார்கள். முடிவுகள் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் இங்கிலீஷில் வெளியாகியிருக்கின்றன. யாருடைய உடம்பை அளந்தார்களோ அவர்களுக்குத்தான் விஷயம் வந்து சேரவில்லை.

டெலிவிஷனில் சொல்லும் டிகிரிக் கணக்கு வேறு, இவர்கள் அளப்பது வேறு. ஈரத் துணி சுற்றிய ஒரு வெப்பமானி, கறுப்புப் பூசிய குண்டுக்குள் ஒன்று, சாதாரணமாக ஒன்று. மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வெயில் குறைவாகத் தெரிகிற நாளிலும் ஷெட்டுக்குள் மூச்சு முட்டுவது அதனால்தான். "சோம்பேறித்தனம்" என்று சூபர்வைசர் எழுதி வைப்பதற்கு விஞ்ஞானம் வைத்திருக்கும் பெயர் வேறு.

2014-15ல் 312 பெண் தொழிலாளர்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அவர்களில் 200 பேருக்கு வேலை இடத்தில் கக்கூஸ் இல்லை, அல்லது இருந்தும் போதவில்லை. அந்த 200 பேரில் நூற்றுக்கு 87 பேர் சிறுநீர் சம்பந்தமான தொல்லைகளை அவ்வப்போது அனுபவிப்பதாகச் சொன்னார்கள். ஏன்? கக்கூஸ் இல்லையென்றால் பெண் தண்ணீர் குடிக்க மாட்டாள். தாகத்தை அடக்கிக்கொள்வாள். இது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை இப்போது எண்ணிக்கையில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று கொடுமையானது. 2017ல் தொடங்கி 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் வெக்கையில் உழைத்தவர்கள். கரு கலையும் ஆபத்து அவர்களுக்கு இரு மடங்கு. பிள்ளை பிறப்பதற்கு முன்பே கூலியின் விலையைக் கொடுத்துவிடுகிறது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? ஆராய்ச்சி அமுலாவது நம் ராஜ்யத்தில் நடக்காத காரியமல்ல. 1956ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி ஆரம்பமானது. 193 ஏழை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தார்கள். மீதிப் பேருக்கு அவரவர் குடிசையிலேயே மருந்து கொடுத்தார்கள். 1959ல் முடிவு வெளியானது: இரண்டு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1962ல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. வீட்டிலேயே மருந்து என்ற முறை உலகமெங்கும் பரவியது; எத்தனையோ லட்சம் உயிர் பிழைத்தது. அந்த விஞ்ஞானிகளை நாம் வாழ்த்துகிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆராய்ச்சி சர்க்காருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கைச் செலவை மிச்சப்படுத்தியது. வெப்ப ஆராய்ச்சியோ முதலாளியின் பையிலிருந்தும் மிராசுதாரின் பையிலிருந்தும் காசு கேட்கிறது. முன்னது திட்டமாயிற்று, பின்னது சஞ்சிகையில் தூங்குகிறது.

ஓய்வு கொடுத்தால் உற்பத்தி விழும் என்பார்கள். மத்திய அமெரிக்காவின் எல் சால்வடாரில் கரும்பு வெட்டும் வாலிபர்கள் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். அங்கே ஒரு பரிசோதனை செய்தார்கள்: நிழலுக்குக் கூடாரம், கையோடு தண்ணீர், இடையிடையே கட்டாய ஓய்வு, திருத்திய வெட்டுக்கத்தி. ஆள் ஒருவர் நாளொன்றுக்கு வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்தது. கூடுதல் கரும்பின் லாபம் யாருக்கு என்பது தனிக் கேள்வி; அதையும் விடப்போவதில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வெக்கையைக் குறைக்க வேண்டும், 250 பேருக்கு மேல் வேலை செய்யுமிடத்தில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைக் கொண்டுவந்து அதை ஒழித்தார்கள். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்ற கணக்கு 20 ஆயிற்று. ஒரகடத்துச் சந்துகளில் உதிரிப் பாகம் செய்யும் சின்ன ஷெட்டுகள் எத்தனை இதில் தப்பிக்கும்! 2023 ஏப்ரலில் ராஜ்ய சர்க்காரே 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்து நின்றபின் வாபஸ் வாங்கியது. வயல் தொழிலாளிக்கோ அந்த 1948ம் வருஷச் சட்டத்தின் நிழல்கூட என்றும் கிடைத்ததில்லை.

2024 அக்டோபரில் வெப்ப அலையைப் பேரிடர் என்று தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. வெப்பத்தால் மாண்டால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறோம். மாளாமலிருக்க ஒரு குடம் தண்ணீரும் அரை மணி நிழலும் கொடுப்பதற்கு என்ன உத்தரவு?

அந்தக் கறுப்புக் குண்டு ஒவ்வொரு ஷெட்டிலும் இருக்கட்டும். அன்றாட அளவைப் போர்டில் எழுதிப் போடட்டும். அளவு வரம்பைத் தாண்டினால் கூலி பிடிக்காமல் ஓய்வு வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அதே ஓய்வு. கர்ப்பிணிக்கு வெக்கையில்லாத வேலை, அதே கூலியில். வயல் வேலை விடியலில் தொடங்கி உச்சி வெயிலுக்கு முன் முடியட்டும், முழு நாள் கூலியோடு.

சங்கக் கிளைகள் இந்த மாதமே ஒரு வேலை செய்யலாம். உங்கள் இடத்தில் பெண்கள் எத்தனை பேர், கக்கூஸ் எத்தனை, குடிதண்ணீர் எத்தனை அடி தூரத்தில், மயங்கி விழுந்தவர் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். திங்கட்கிழமை மனுநாளில் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.