புகைபோக்கி ஆடம்பரப் பொருளன்று

2021 ஒக்டோபர் மாதத்தின் தொடக்கத்தில் கொழும்பில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவைத் தொட்டது. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்காமல் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. விறகடுப்பு மீண்டும் குசினிக்கு வந்துவிட்டது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அது நகரத்துக் குசினிகளுக்குத்தான் திரும்பி வந்தது. கிராமத்துக் குசினிகளை விட்டு அது போனதே இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானவை விறகில்தான் சமைத்தன.

அந்த நெருக்கடிக்குப் பின்னர் பலர் தாமாகவே செங்கல்லும் களிமண்ணும் குழைத்து அடுப்புக் கட்டத் தொடங்கினர். இது வரவேற்கத்தக்கது. மேசனுக்காகக் காத்திராமல் சொந்தக் கையால் ஒரு வேலையைச் செய்வது நம்மவர்களுக்குப் புதிதுமன்று. ஆயினும் பெரும்பாலோர் அடுப்போடு நிறுத்திவிட்டனர். புகைபோக்கி "பிறகு பார்க்கலாம்" என்ற பட்டியலில் சேர்ந்துவிட்டது. என்னைக் கேட்டால், முதலில் திட்டமிட வேண்டியது புகைபோக்கியைத்தான். அடுப்பு அதற்கேற்ப அமைய வேண்டும்.

காரணம் எளிது. வீட்டுக்குள் எழும் சமையல் புகை முதலியவற்றால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் 2,37,000க்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அடுப்பின் முன்னால் நாள்தோறும் குந்தியிருப்பவள் பெண். அவள் இடுப்பில் இருப்பது குழந்தை. ஆகவே, இந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர் யார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

நம் நாட்டில் இதுபற்றிய சிந்தனை இல்லாமலில்லை. 1980களில் உருவான 'அனகி' என்ற இரட்டைப் பானைக் களிமண் அடுப்பு இலட்சக்கணக்கான வீடுகளை அடைந்தது. விறகை மிச்சப்படுத்தியது; புகையையும் ஓரளவு குறைத்தது. ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. எழும் புகை குசினிக்குள்ளேயே சுற்றுகிறது. 2016இல் போரால் வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் அமைக்கும் திட்டம் வந்தபோது அதனை எதிர்த்தோர் சொன்ன குறைகளுள், அவ்வீட்டில் அடுப்பும் புகைபோக்கியும் இல்லை என்பதும் ஒன்று. விறகில் சமைக்கும் மக்களுக்கு வீடு வரைவோர் அடுப்பை மறப்பது, கிணறில்லாத காணியில் தோட்டம் செய்யச் சொல்வதற்கு ஒப்பானது.

இனி, சொந்தக் கையால் புகைபோக்கி அமைக்க விரும்புவோருக்குச் சில சொற்கள். சூடான காற்று இலேசானது, மேலெழும், எழும்போது கீழிருந்து புதுக் காற்றை இழுக்கும். புகைபோக்கி வேலை செய்வது இந்த இழுவையால்தான். குழாய் உயரமாகவும் நேராகவும் இருந்தால் இழுவை கூடும். வளைவு ஒவ்வொன்றும் அதனைக் குறைக்கும். கூரையோடு ஒட்டினாற்போல் குழாயை முடித்துவிட்டால், காற்றடிக்கும் நாளில் புகை திரும்பவும் வீட்டுக்குள் இறங்கும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்று அடியாவது மேலே செல்ல வேண்டும். பத்து அடிச் சுற்றுக்குள் உள்ள கூரை முகட்டைவிட இரண்டு அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். மேல்நாடுகளில் பின்பற்றப்படும் இவ்விதி எந்தக் கூரைக்கும் பொருந்தும். மழைநீர் இறங்காதபடி மேலே ஒரு தொப்பி வேண்டும். அது புகையை அடைக்காத உயரத்தில் இருக்க வேண்டும்.

பிளாஸ்ரிக் குழாயைச் சிலர் பொருத்துகின்றனர். அது உருகும், நச்சுப் புகையும் விடும். கிடுகுக் கூரையையோ மரச் சட்டத்தையோ இரும்புக் குழாய் தொட்டபடி செல்வது வீட்டைக் கொளுத்தும் வழி. அஸ்பெஸ்ரஸ் தகட்டை வாளால் அறுப்பதும் ஆபத்தே; அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அந்த இடத்தில் சுவர் வழியாகக் குழாயை வெளியே எடுத்து நிமிர்த்துவது நன்று. வளைவினால் சிறிது இழுவை குறைந்தாலும் உயரத்தைக் கூட்டி அதனை ஈடுசெய்யலாம்.

கட்டி முடித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதுதான் பலருக்கும் விளங்காத விடயம். ஈர விறகு எரித்தால் குழாயின் உட்புறத்தில் தார்போன்ற கரி படியும். அது வழியை அடைக்கும். ஒருநாள் தானே தீப்பற்றவும் கூடும். இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் புகைபோக்கி வைத்த அடுப்புகள் வழங்கப்பட்ட குடும்பங்களை ஹன்னா, டுஃப்லோ, கிரீன்ஸ்டோன் ஆகிய ஆய்வாளர்கள் நான்காண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர். முதலாண்டில் புகை குறைந்தது. அதன்பின் பயன் மறைந்துபோயிற்று. அடுப்புகள் ஒழுங்காகப் பாவிக்கப்படவுமில்லை, பராமரிக்கப்படவுமில்லை. அடுப்பைக் கொடுத்தவர்கள் துப்புரவு செய்யும் பொறுப்பை யாரிடம் கொடுத்தனர் என்று நான் கேட்பேன். சமைக்கும் பெண்ணே கூரையிலும் ஏற வேண்டுமா? கட்டிய ஆண்மகன் ஆண்டுக்கு இருமுறையாவது தூரிகை எடுத்து ஏறட்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்கள் இதை வேறு விதமாக அறிவார்கள். கனடாவில் விறகடுப்புப் பொருத்திய வீட்டுக்குக் காப்புறுதி கேட்டால், தகுதிபெற்றவர் பரிசோதித்த சான்றிதழைக் கேட்கும் நிறுவனங்கள் பல உண்டு. குளிர்நாட்டில் அடைத்த கதவுகளுக்குள் மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு வாயு ஆளைக் கொல்லும் என்பதால் அங்கே அதற்கான எச்சரிக்கைக் கருவியும் வைக்கின்றனர். நமக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. திறந்த யன்னலை நம்பியிருக்கிறோம். மழைக்காலத்தில் அந்த யன்னலையும் சாத்திவிடுகிறோம்.

வெளிநாட்டுப் பணத்தில் ஊரில் எழும் வீடுகளைப் பார்க்கிறேன். விறாந்தைக்குப் பளிங்குத் தரை. மதிலுக்கு வேலைப்பாடு கொண்ட இரும்புப் படலை. பின்புறத்தில், தகரம் போட்ட ஒரு சாய்ப்பில், கண்ணைக் கசக்கியபடி அம்மா சோறு வடிக்கிறார். எரிவாயு அடுப்பு உள்ளே துடைத்த மினுக்கோடு இருக்கிறது. விலைக்குப் பயந்து அதைப் பற்றவைப்பதில்லை. படலைக்குக் கொடுத்த காசில் ஒரு சிறு பங்கு அந்தச் சாய்ப்புக்குப் புகைபோக்கியாகப் போதும்.

வீடு கட்டப் பணம் அனுப்புவோர் அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது, சமைக்கும் இடத்தில் புகை எந்த வழியால் வெளியேறுகிறது என்று ஒருமுறை கேளுங்கள். கேள்வியை அப்பாவிடமோ மேசனிடமோ கேட்காமல், அடுப்பு மூட்டுபவரிடமே கேளுங்கள்.