இயக்கமும் ஈட்டமும்: படைப்பாளியின் நம்பகத்தன்மை குறித்து

அரசியல் இயக்கம் ஒன்றைச் சார்ந்து எழுதிப் பொருள் ஈட்டிய படைப்பாளியின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்னும் வினா, திராவிட இயக்கத் திரைப்படங்களைப் பற்றிய விவாதங்களில் இருவகையாகத் தவறவிடப்படுகிறது. ஒரு சாரார், ஊதியம் பெற்றதைச் சுட்டிய அளவிலேயே கொள்கை பொய்த்ததாக முடிவு கட்டுகின்றனர். மறு சாரார் கொள்கையை விரித்துரைத்துப் பணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பரிசில் பெறுதலைத் தமிழ் மரபு இழுக்காகக் கருதியதில்லை; பெறும் முறையையே வினவியது. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே அளித்த பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் காட்டுகிறது. கோவூர் கிழார் சோழரைப் பாடிய புலவர். எனினும் மலையமான் மக்களை யானைக்கு இட முனைந்த கிள்ளிவளவனைத் தடுத்துப் பாடியவரும் (புறம். 46) அவரே. புரப்போனிடம் பெற்றாரா என்பதைவிட, புரப்போனுக்கு உவப்பில்லாத சொல்லைச் சொல்ல முடிந்ததா என்பதே உரைகல்லாக அமைகிறது.

இவ்வுரைகல்லைத் திரைப்படத்திற்குப் பொருத்துகையில் ஒரு சிக்கல் எழுகிறது. அங்குப் புரப்போர் ஒருவர் அல்லர். அண்ணாவின் 'வேலைக்காரி' (1949) ஜூபிடர் நிறுவனத்தின் படம். மு. கருணாநிதி உரையாடல் எழுதிய 'பராசக்தி' (1952) நேஷனல் பிக்சர்ஸும் ஏவி.எம்.மும் சேர்ந்து எடுத்தது. இப்படங்களைத் தயாரித்தது கட்சி அன்று, வணிக நிறுவனங்கள். நிறுவனத்திற்கு இயக்கம் திரட்டியிருந்த கூட்டம் பயன்பட்டது. கட்சிக்கு எழுத்தாளரின் புகழ் பயன்பட்டது. பராசக்தியின் உரையாடல் இசைத்தட்டாகவும் விலைபோயிற்று. இத்தனை கை மாறிய பணத்தை 'இயக்கத்தால் ஆதாயம்' என்ற ஒற்றைத் தொடரில் அடக்குவது ஆய்வுக்கு உதவாது.

இவர்கள் அனைவருக்கும் மேலான புரவலர் நுழைவுச்சீட்டு வாங்கிய பார்வையாளரே. அவருள் பெரும்பாலோர் இறைநம்பிக்கை உடையோர். பராசக்தியின் நீதிமன்றக் காட்சியில் குணசேகரன் கோயிலை மறுக்கவில்லை. அது தீயோரின் புகலிடமாவதையே கண்டிக்கிறான். வேலைக்காரியும் திருமூலர் வழிப்பட்ட ஒரே இறைவன் என்னும் கருத்தையே முன்வைக்கிறது. சுயமரியாதை மேடைகளில் ஒலித்த கடவுள் மறுப்போடு ஒப்பிட இது தணிந்த குரல். தணித்தது சந்தை என்று எளிதில் கூறிவிடலாம். ஆனால் தணிக்கைத் துறையின் கெடுபிடியும் அன்று இருந்தது. மேலும், அண்ணா அதே கருத்தைத் தம் அரசியல் மேடைகளிலும் வலியுறுத்தினார். மேடையிலும் திரையிலும் ஒரே குரல் எனில் திரை வருவாயைக் குறை கூற இடமில்லை. இரண்டும் முரண்பட்டால் ஐயுற இடமுண்டு. வேலைக்காரி முதலில் நாடகமாக நடிக்கப்பெற்றது. ஆதலின் நாடகத்தையும் படத்தையும் காட்சி காட்சியாக ஒப்பிடுவது இவ்வையத்தைத் தீர்க்க ஊகத்தினும் வலிய வழி.

வருவாய் நம்பகத்தைக் கெடுக்கும் என்போர், இழப்பு நம்பகத்தைத் தரும் என்றும் கருதிக்கொள்கின்றனர். விசுவநாததாஸ் தேசியப் பாடல்களை மேடையில் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்றவர். 1940இல் மேடையிலேயே உயிர்நீத்தவர். அத்துன்பம் அவருடைய உறுதிக்குச் சான்று. பாடலில் வரும் செய்தியின் மெய்மைக்கு வேறு சான்று தேட வேண்டும். அவ்வாறே, ஈட்டிய பொருள் ஒருவரது நோக்கத்தின் மீது ஐயம் எழுப்பலாமே ஒழிய, அவர் கூறியதைப் பொய்யாக்கிவிடாது.

இவ்விடத்தில் கண்ணதாசனின் 'வனவாசம்' நினைவுக்கு வருகிறது. 1961இல் தி.மு.க.வை விட்டு விலகிய அவர், தம் இயக்க வாழ்வைக் கசப்போடு எழுதிய நூல் அது. உள்ளிருந்தவர் வாக்குமூலம் என்ற அளவில் அதன் மதிப்பு பெரிது. அதை ஆதாயக் குற்றச்சாட்டுக்குச் சான்றாக்குவோர், நூலாசிரியரும் அதே திரையுலகில் பாட்டெழுதிப் பொருளீட்டியவர் என்பதையும், பல பதிப்புகள் கண்ட அந்நூலும் விற்பனைப் பொருளே என்பதையும் அதே தராசில் இட வேண்டும்.