1906-ல உட்கார்ந்து 1916-ஐ எட்டிப் பார்க்காதீங்க

சுகர் பத்தி எழுதுங்க டாக்டர், டெங்கு பத்தி எழுதுங்கன்னு கேட்டவங்க எல்லாம் ஒரு நாள் பொறுத்துக்கணும். இன்னைக்குக் கப்பல். அதுவும் யாரும் கட்டாத கப்பல். இழை கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

சிலருக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு உண்டு. 1900-லிருந்து 1920 வரைக்குமான பிரிட்டிஷ் கடற்படைக்கு, நிஜத்தில் இல்லாத போர்க்கப்பல்களை வடிவமைப்பாங்க. இதுக்குன்னே ஸ்பிரிங்ஷார்ப்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. நீளம், அகலம், பீரங்கி, கவசம், வேகம் எல்லாம் உள்ளே போட்டா, எடை மிஞ்சுதா, உடம்பு தாங்குமா, அலையில நிமிர்ந்து நிக்குமான்னு சொல்லிடும். எனக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. நைட் டூட்டி முடிஞ்சு தூக்கம் வராத நேரத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

என் கருத்து இதுதான்: இது அருமையான விளையாட்டு, ஆனா நிறைய பேர் இதை அழுகுணி ஆட்டமா ஆடுறாங்க. 1906-ல கட்டற கப்பலுக்கு 1916-ல தெரிஞ்சதை வெச்சுக் கவசம் போடுறாங்க. போட்டுட்டு, "இது கூடவா அன்னைக்கு அவங்களுக்குத் தெரியல?"ன்னு ஒரு கேள்வி வேற.

விளையாட்டுதானே, விட்டுடலாமேன்னு நீங்க கேக்கலாம். விட முடியாததுக்குக் காரணம் கீழே வருது.

முதல்ல இந்தப் பொழுதுபோக்கோட கொள்ளுத் தாத்தாவைப் பார்ப்போம். விட்டோரியோ குனிபெர்ட்டி, இத்தாலியக் கப்பல் வடிவமைப்பாளர். 1903-ல ஜேன் வெளியிட்ட போர்க்கப்பல் ஆண்டு நூலில், பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு இலட்சியக் கப்பல் எப்படி இருக்கணும்னு எழுதினார். 17,000 டன். 12 அங்குலப் பீரங்கி பன்னிரண்டு. 12 அங்குலக் கவசம். வேகம் 24 நாட். படிக்கவே ஜம்முனு இருக்கும்.

மூணு வருஷம் கழிச்சு பிரிட்டன் நிஜமாவே கட்டின டிரெட்நாட் என்ன? சுமார் 18,000 டன். பீரங்கி பத்துதான். பக்கவாட்டுக் கவசம் 11 அங்குலம். வேகம் 21 நாட். அந்த 21-ம் பார்சன்ஸ் கண்டுபிடிச்ச நீராவி டர்பைன் புண்ணியத்தில் கிடைச்சது. ஆக, எடை கூடியும் பீரங்கி குறைஞ்சது, கவசம் குறைஞ்சது, வேகமும் குறைஞ்சது. குனிபெர்ட்டியோட யோசனை சரியான திசை, சந்தேகமே இல்ல. ஆனா காகிதத்துக்கு எடை கிடையாது, எஃகுக்கு உண்டு.

வேகத்துக்கு என்ன விலைன்னு பாருங்க. டிரெட்நாட்டுக்கு 18 பாய்லர், 23,000 குதிரைத்திறன், 21 நாட். அதே காலத்து இன்வின்சிபிள் 25 நாட் ஓடணும். கூடுதலா வேணுங்கறது நாலே நாட். அதுக்கு 31 பாய்லர், 41,000 குதிரைத்திறன். கடைசி நாலு நாட்தான் சொத்தையே எழுதி வாங்கும். அந்த எடையை எங்கிருந்து எடுத்தாங்க? 11 அங்குலக் கவசம் 6 ஆச்சு, பத்து பீரங்கி எட்டு ஆச்சு. யாரும் தூங்கிட்டு விட்டதில்ல, தெரிஞ்சே கொடுத்த விலை.

ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, மேலே ஒண்ணு கீழே ஒண்ணுன்னு பீரங்கிக் கூண்டுகளை அடுக்கறது இன்னொண்ணு. அமெரிக்கர்கள் சவுத் கரோலினாவில் இதைச் செஞ்சாங்க, எட்டு பீரங்கியும் எந்தப் பக்கம் வேணா சுடும். டிரெட்நாட்டில் ரெண்டு கூண்டு ஆளுக்கொரு ஓரத்தில் இருந்ததால பத்தில் எட்டுதான் ஒரு பக்கம் சுட முடியும். நம்ம ஆளுங்க மென்பொருளில் ஒரே சொடுக்கில் இதைச் "சரி" பண்ணிடுவாங்க. பிரிட்டிஷ் கூண்டுகளோட கூரையில் குறி பார்க்கிறவருக்குத் திறப்பு வெச்சிருந்தாங்க. மேல் பீரங்கி சுட்டா அதோட அதிர்வு நேரா கீழ் கூண்டுக்குள்ள இருக்கிறவன் தலையில இறங்கும். கூண்டையே மாத்தாம கப்பலை மட்டும் மாத்தினா, படத்தில் அழகா இருக்கும், உள்ளே இருக்கிறவன் காது போயிடும்.

அதுக்காக அன்னைக்கு இருந்தவங்க செஞ்ச எல்லாம் சரின்னு சொல்ல வரல. டிரெட்நாட்டில் கண்காணிப்புக் கம்பத்தை முன் புகைபோக்கிக்குப் பின்னாடி வெச்சாங்க. மேலே நிக்கிறவருக்குச் சூடும் புகையும். அதே ஏற்பாட்டைச் சில வருஷம் கழிச்சு ஓரியனிலும் செஞ்சாங்க. இதுக்கு மன்னிப்பே கிடையாது, ஏன்னா அப்போ கைவசம் அனுபவம் இருந்தது.

இப்போ அந்தக் காரணத்துக்கு வர்றேன்.

1916 மே 31, ஜட்லண்ட் சண்டை. இன்டிஃபாட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள். மூணு பிரிட்டிஷ் போர்க்குரூசர்கள் ஒரே நாளில் வெடிச்சுச் சிதறின. 3,000 பேருக்கு மேல போயிட்டாங்க. இன்வின்சிபிளில் பிழைச்சவங்க ஆறே பேர். பொழுதுபோக்குக்காரர்கள் தர்ற தீர்வு எப்பவும் ஒண்ணுதான்: இன்னும் ரெண்டு அங்குலம் கவசம்.

கவசம் மெலிசுங்கறது உண்மை. ஆனா அதே நாளில் ஜெர்மன் கப்பல்களிலும் கூண்டுகள் துளைபட்டன, உள்ளே எரிஞ்சன. கப்பல் வெடிக்கல. ஏன்? அதுக்கு முந்தின வருஷம் ஜனவரியில் டாகர் பாங்க் சண்டையில் சைட்லிட்ஸ் கப்பலோட பின்பக்கக் கூண்டுகள் ரெண்டும் எரிஞ்சு, 150 பேருக்கு மேல இறந்து, வெடிமருந்து அறையில் தண்ணி விட்டுத்தான் கப்பலைக் காப்பாத்தினாங்க. ஜெர்மானியர் அதிலிருந்து பாடம் படிச்சாங்க. பிரிட்டிஷ் போர்க்குரூசர்களில் நடந்தது வேற. வேகமா சுடணும்னு வெடிமருந்து அறைக் கதவுகளைத் திறந்தே வெச்சாங்க. பட்டுத்துணிப் பையில் இருந்த கார்டைட்டை வெளியே எடுத்துக் குவிச்சாங்க. ஜெர்மன் பக்கம் முக்கிய மருந்து பித்தளைக் குப்பிக்குள்ள இருந்தது.

லயன் கப்பலைப் பாருங்க. அதோட நடுக் கூண்டிலும் அடி விழுந்தது. உயிர் போற நிலையில் இருந்த மேஜர் பிரான்சிஸ் ஹார்வி வெடிமருந்து அறையை மூழ்கடிக்கச் சொன்னார். கப்பல் பிழைச்சது, அவருக்கு இறந்தபின் விக்டோரியா கிராஸ் கொடுத்தாங்க. கதவு, பை, அவசரம் இதுக்கெல்லாம் ஸ்பிரிங்ஷார்ப்பில் கட்டமே இல்ல. கட்டம் இல்லாத நோயை யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதான் கவசத்து மேலயே பழி விழுது.

எங்க தொழில்ல ரெட்ரோஸ்பெக்டோஸ்கோப்னு ஒரு கருவியைச் சொல்லிச் சிரிச்சுக்குவோம். எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனா நோயாளி இறந்தப்புறம் எல்லாரோட கையிலும் இருக்கும், துல்லியமா காட்டும். நோயாளியைக் கடைசியா பார்த்த டாக்டர்தான் எப்பவும் புத்திசாலி. மரணத் தணிக்கைக் கூட்டத்தில் முதல்ல பார்த்தவரைத் திட்டிட்டுக் கலைஞ்சா, அடுத்த நோயாளிக்கு எதுவும் மாறாது. அந்த மணி நேரத்தில் அவர் கையில் என்ன ரிப்போர்ட் இருந்ததுன்னு கேட்கணும். கப்பலுக்கும் அதே கேள்விதான்.

நேர்மையா ஆடினா இந்த விளையாட்டு எவ்வளவு ருசின்னு குயின் எலிசபெத் வகையைப் பார்த்தா புரியும். முந்தைய கப்பல்களில் 13.5 அங்குலப் பீரங்கி பத்து. இதில் 15 அங்குலம், நடுக் கூண்டை எடுத்துட்டு எட்டே எட்டு. குண்டு ஒண்ணு 635 கிலோவிலிருந்து சுமார் 870 கிலோவாச்சு. கணக்குப் போடுங்க, பீரங்கி ரெண்டு குறைஞ்சும் ஒரு தடவை சுடறதோட மொத்த எடை கூடியிருக்கும். காலியான நடு இடம் பாய்லருக்கு. நிலக்கரிக்குப் பதிலா எண்ணெய். இதில் வயித்தைக் கலக்குற விஷயம், அந்தப் பீரங்கியை முழுசா சோதிச்சுப் பார்க்கிறதுக்கு முன்னாடியே கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்துட்டாங்க. பீரங்கி சொதப்பியிருந்தா ஐந்து கப்பல் அம்போ. நமக்கு அந்தப் பயம் கிடையாது, அதனாலயே நம்ம படங்கள் எல்லாம் அவ்வளவு துணிச்சலா இருக்கு.

ஆசை வந்துட்டா, எடுத்தவுடனே டிரெட்நாட் வரையாதீங்க. சின்னக் குரூசர் ஒண்ணு வரைங்க. 1914-ல சென்னையைச் சுட்டுட்டுப் போன எம்டனை எல்லாருக்கும் தெரியும், பேரே நம்ம பேச்சில் ஒரு சொல்லாயிடுச்சு. அதை முடிச்ச சிட்னி பிரிட்டிஷ் வடிவமைப்பு, 5,400 டன், 6 அங்குலப் பீரங்கி எட்டு. எம்டன் 3,600 டன் சொச்சம், பத்து பீரங்கி, ஆனா எல்லாம் 10.5 சென்டிமீட்டர். எண்ணிக்கை அதிகமா, குண்டு பெருசா? நல்ல முதல் பாடம்.

சரி, ஒரு கேஸ் கொடுக்கிறேன். வருஷம் 1908. எடை 4,500 டன், ஒரு டன் கூட மிஞ்சக் கூடாது. 25 நாட். வணிகக் கப்பல்களைக் காவல் காக்கணும். 1908 டிசம்பர் 31-க்கு அப்புறம் நடந்த எதுவும் உங்களுக்குத் தெரியாது. படத்தோட, எதை விட்டுக்கொடுத்தீங்க, யார் தலையில அது விடியும்னு ஒரு வரியும் சேர்த்துப் பின்னூட்டத்தில் போடுங்க. அந்த வரி இல்லாத படத்தை நான் பார்க்க மாட்டேன்.