டிக்கெட்டில் தெரியாத நேரம்



லண்டனில் மகளுக்குப் பிரசவம். தென்காசியில் இருக்கும் அம்மா கிளம்ப வேண்டும். இன்று இப்படி எத்தனை வீடுகள்! ‘ஃப்ளைட் எத்தனை மணி நேரம்?’ என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. அம்மாவின் பயணம் அந்த ஃப்ளைட்டில் மட்டும்தானா இருக்கிறது?

சென்னைக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. கணக்குப்படி ஒன்பது மணி நேரம் போதும். ஆனால் பத்தரை, பதினொன்று ஆகிவிடுகிறது. அந்த உயரத்தில் பலமான காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவதால், போகும்போது எதிர்க்காற்று. போர், பகை என்று மூடிக்கிடக்கும் வான்பகுதிகளைச் சுற்றிக்கொண்டும் போகவேண்டும். ஊர் திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், நேரம் குறையும்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பகல் 12 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், ‘ஆறரை மணி நேரம்தானே!’ என்று தோன்றும். கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதையும் கூட்டினால் பதினொரு மணி நேரம்.

துபாய் வழியாகப் போனால் தூரம் சுமார் 8,400 கிலோமீட்டர். 200 கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் துபாயில் அடுத்த விமானத்துக்காக ஐந்தாறு மணி நேரம் உட்கார வேண்டி வரலாம். சில ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று அந்த டிக்கெட்டைப் போட்டுவிடுகிறோம். மூட்டுவலிக்காரருக்கு அந்த நாற்காலி எவ்வளவு பெரிய தண்டனை!

இதற்கும் முன்னால் தென்காசியிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ராத்திரி முழுக்க ரயில். விமானம் 8,200 கிலோமீட்டருக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அந்த ரயிலுக்கே போய்விடும். பிறகு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் காத்திருக்க வேண்டும். தென் மாவட்டத்துக்காரர்கள் மதுரையிலிருந்து கொழும்பு போய், அங்கிருந்து லண்டன் பிடிப்பதையும் யோசிக்கலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கே காத்திருக்கும் நேரம் அளவாக இருந்தால், சென்னை வரை அலைவது மிச்சம்.

ஆகவே வீட்டு வாசலிலிருந்து மகள் வீட்டு வாசல்வரை கூட்டிப் பார்த்து டிக்கெட் போடுங்கள். வீல்சேர் வேண்டுமென்று புக்கிங்கின்போதே சொல்லிவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள், ஊர் நேரம் மாறும்போது எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் அவ்வப்போது எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். ‘பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு’ என்று அம்மாக்கள் அசையாமலே உட்கார்ந்திருப்பார்கள். நடக்க வசதியாக நடைபாதை ஓரத்து சீட்டைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்