அம்மா வீட்டு முகவரி ஆஸ்பத்திரி பில் கட்டாது: பெல்ஜியத்தை விட்டுக் கிளம்புபவர்கள் மறக்கும் கேள்வி

பிரஸ்ஸல்ஸில் ஐடி வேலை பார்க்கும் 32 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெல்ஜியக் குடிமகன். 'எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பாருங்க' என்று கம்பெனி சொல்லிவிட்டது. வெயில், கடல், புது ஊர் என்று கனவு. லிஸ்பனில் வீடு பார்த்தாச்சு, பெட்டியும் கட்டியாச்சு. ஒரே ஒரு வேலையை மட்டும் அவர் செய்யவில்லை. நகராட்சிக்குப் போய், 'நான் நாட்டை விட்டுக் கிளம்புறேன்' என்று சொல்லவில்லை.

"எதுக்குச் சொல்லணும்? கென்ட்டில் அம்மா வீட்டு முகவரி இருக்கே, அதிலேயே பதிவு இருக்கட்டும். மருத்துவக் காப்பீடும் அதுபாட்டுக்கு ஓடும்." இதுதான் அவர் கணக்கு.

ஆறு மாதம் கழித்து லிஸ்பனில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் உடைகிறது. பர்ஸில் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. நீட்டுகிறார். சிகிச்சை நடக்கிறது. பிறகுதான் கேள்விகள் வருகின்றன. நீங்க சுற்றுலா வந்தவரா, இங்கே குடியிருப்பவரா? எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறீங்க? சந்தா எங்கே கட்டியிருக்கணும்?

ஆள் கற்பனை, அவர் போட்ட கணக்கு கற்பனை அல்ல. இன்று ஏறத்தாழ 5 லட்சம் பெல்ஜியர்கள் வெளிநாடுகளில் உள்ள தங்கள் தூதரகங்களில் பதிவு செய்து வாழ்கிறார்கள். பதிவு செய்யாமல் 'அம்மா வீட்டு முகவரி'யில் காலம் தள்ளுபவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். முகவரியைப் பிடித்துக்கொண்டால் காப்பீடும் கூடவே நிற்கும் என்ற அவர்களின் நம்பிக்கை ஆபத்தானது என்பது என் கருத்து. ஆனால், அந்த நம்பிக்கை வளர்ந்ததற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

காப்பீடு பாஸ்போர்ட்டுக்கு இல்லை

பெல்ஜியத்தில் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதை நடத்துபவை 'மியூச்சுவாலிட்டி' எனப்படும் சங்கங்கள். கிறிஸ்தவ, சோஷலிச, லிபரல், நடுநிலை எனப் பல வகைகள் உண்டு. எதிலும் சேர விரும்பாதவருக்கு அரசின் துணை நிதியும் இருக்கிறது. எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும் சட்டப்படியான அடிப்படைக் காப்பீடு ஒன்றுதான். டாக்டரிடம் போனால், கட்டிய பணத்தில் பெரும்பகுதியைச் சங்கம் திருப்பித் தரும்.

இந்த உரிமை எதிலிருந்து வருகிறது? பலரும் நினைப்பதுபோல் குடியுரிமையிலிருந்து அல்ல. அங்கே வேலை பார்த்துச் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டுவது, அங்கிருந்து ஓய்வூதியம் வாங்குவது, அல்லது அங்கே சட்டப்படி குடியிருப்பது ஆகியவற்றிலிருந்துதான் வருகிறது. ஆகவே, வேலையும் வீடும் இடம் மாறும்போது காப்பீட்டின் அடித்தளமும் நகர்ந்துவிடுகிறது. பாஸ்போர்ட்டின் நிறம் அதைத் தடுத்து நிறுத்தாது.

நகராட்சியில் என்ன செய்யணும்?

பெல்ஜியத்தில் ஒவ்வொரு நகராட்சியும் மக்கள்தொகைப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. 1991-ம் ஆண்டு சட்டமும் 1992-ம் ஆண்டு அரசாணையும்தான் இதற்கு அடிப்படை. நிரந்தரமாக வெளிநாடு போகிறவர், கிளம்புவதற்கு முந்தைய நாளுக்குள் நகராட்சியில் சொல்லிவிட வேண்டும். பெயரை நீக்கி, 'மாடல் 8' என்ற சான்றிதழைத் தருவார்கள்.

அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம் அல்ல. போகிற நாட்டில் உள்ள பெல்ஜியத் தூதரகத்தில் பதிவு செய்வதற்கு, உள்நாட்டுப் பதிவேட்டிலிருந்து முதலில் விலகியிருக்க வேண்டும். தூதரகப் பதிவு கட்டாயமில்லை. ஆனால், பெல்ஜிய அடையாள அட்டையைப் புதுப்பிப்பது, வெளிநாட்டில் இருந்தபடியே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பது போன்ற காரியங்களுக்கு அதுதான் வழி.

'நான் திரும்பி வந்துடுவேனே' என்பவர்களுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள் போய் வருபவர் 'தற்காலிகமாக வெளியே இருக்கிறேன்' என்று நகராட்சியில் தெரிவித்தால் போதும்; பதிவு அப்படியே இருக்கும். வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் போன்ற சில பிரிவினருக்கு இதைவிட நீண்ட சலுகை உண்டு. நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போக வழி இருக்கும்போது, சொல்லாமல் போவதற்கு என்ன காரணம்? பெரும்பாலும் சோம்பலும், 'கேட்டால் பறித்துவிடுவார்கள்' என்ற பயமும்தான்.

பெல்ஜியத்தில் முகவரி என்பது படிவத்தில் எழுதுவதோடு முடிகிற விஷயமும் இல்லை. வட்டாரப் போலீஸ்காரர் நேரில் வந்து கதவைத் தட்டி, ஆள் அங்கே வாழ்கிறாரா என்று பார்ப்பார். இல்லை என்று உறுதியானால், நகராட்சியே பெயரை அடித்துவிடும். அப்படி நடந்தால் அடையாள அட்டையும் ரத்து. 2014-லிருந்து, மருந்துக் கடையிலும் மருத்துவமனையிலும் காப்பீட்டைச் சரிபார்க்க உதவுவது அதே அடையாள அட்டைதான். தகுதி இல்லாத காலத்தில் சங்கம் பணம் கொடுத்திருந்தால், அதைத் திருப்பிக் கேட்கவும் செய்யும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போனால்?

இங்கே விதி தெளிவு. 883/2004 என்ற ஒழுங்குவிதி 2010 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம்தான் பொருந்தும் என்பது அதன் சாரம். எந்த நாடு என்பது ஆளைப் பொறுத்து மாறும்.

*வேலைக்குப் போகிறவர்:* எந்த நாட்டில் வேலை செய்கிறாரோ, அந்த நாட்டுக் காப்பீடு. பெல்ஜியத்தில் காப்பீட்டில் இருந்த காலத்துக்கு அத்தாட்சி வாங்கிப் போனால், புதிய நாடு அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

*கம்பெனி அனுப்பிவைத்தவர்:* ஏ1 சான்றிதழ் இருந்தால் பொதுவாக 24 மாதம் வரை பெல்ஜியச் சந்தாவிலேயே தொடரலாம்.

*லேப்டாப்போடு கிளம்பியவர்:* நம்ம லிஸ்பன் ஆள் இந்த வகை. சம்பளம் பெல்ஜியத்திலிருந்து வருவதால் காப்பீடும் பெல்ஜியம்தான் என்று நினைக்கிறார். சட்டம் பார்ப்பது, வேலை எங்கே உட்கார்ந்து செய்யப்படுகிறது என்பதை. 2023 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த ஓர் ஒப்பந்தத்தின்படி, அதில் கையெழுத்திட்ட நாடுகளுக்கிடையே, குடியிருக்கும் நாட்டில் வீட்டிலிருந்து செய்யும் வேலை 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முதலாளி இருக்கும் நாட்டிலேயே தொடரலாம். முழு நேரமும் லிஸ்பனில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது உதவாது. அவரும் அவர் கம்பெனியும் போர்ச்சுகலில் பதிந்து சந்தா கட்ட வேண்டியவர்கள்.

*ஓய்வூதியம் வாங்குபவர்:* பெல்ஜிய ஓய்வூதியம் மட்டும் வாங்கிக்கொண்டு ஸ்பெயின் கடற்கரையில் குடியேறுபவருக்கு, அவர் சங்கமே எஸ்1 படிவம் தரும். அதை ஸ்பெயினில் பதிந்தால், உள்ளூர்க்காரரைப் போலவே சிகிச்சை. செலவு பெல்ஜியத்தின் கணக்கில் போகும். பெல்ஜியத்துக்கு வந்து சிகிச்சை எடுக்கும் உரிமையும் கையில் இருக்கும்.

*வேலையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை:* 50 வயதில் சேமிப்பை நம்பிக் கிளம்புபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எஸ்1 கிடைக்காது. வேறு உறுப்பு நாட்டில் மூன்று மாதத்துக்கு மேல் தங்க வேண்டுமென்றால், போதுமான வருமானமும் முழுமையான மருத்துவக் காப்பீடும் இருக்க வேண்டும் என்கிறது ஒன்றியத்தின் 2004-ம் ஆண்டு வழிகாட்டுச் சட்டம். அந்தக் காப்பீட்டை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

பர்ஸில் இருக்கும் ஐரோப்பிய அட்டை? அது தற்காலிகமாகப் போய் வருபவர்களுக்கானது. குடியேறியவருக்கு அது காப்பீடு ஆகாது.

கடல் தாண்டினால் கதை வேறு

தாய்லாந்து, துபாய், பிரேசில் என்று போனால் ஒன்றியத்தின் குடை அங்கே விரியாது. பாங்காக்கில் குடியிருப்பவரின் வழக்கமான மருத்துவச் செலவை பெல்ஜியச் சங்கம் கட்டாது.

இவர்களுக்காகவே பெல்ஜியத்தில் 'கடல்கடந்த சமூகப் பாதுகாப்பு' என்று ஒரு திட்டம் இருக்கிறது. 1960-ல் காங்கோ விடுதலை பெற்றபின், 1963-ல் சட்டமாக வந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே வேலை செய்பவர்கள் ஓய்வூதியம், உடல்நலக் குறைவு, மருத்துவச் செலவு ஆகியவற்றுக்காகத் தாமாக முன்வந்து இதில் சந்தா கட்டலாம். 'தாமாக' என்பதுதான் முக்கியம். யாரும் கூப்பிட்டுச் சேர்க்க மாட்டார்கள்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2006-ல் கையெழுத்தாகி, 2009 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பெல்ஜியம்-இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம், இந்தியா இவ்வகையில் முதலில் செயல்படுத்திய ஒப்பந்தம். கம்பெனி சார்பில் அனுப்பப்பட்டவர் இரண்டு நாட்டிலும் சந்தா கட்ட வேண்டாம். ஓய்வூதியத்துக்கு இரண்டு நாட்டுக் காலமும் சேரும். ஆனால், மருத்துவச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் அல்ல இது. பெல்ஜியக் குடியுரிமை வாங்கிய தமிழ்க் குடும்பம் ஒன்று, 'அப்பா அம்மாவுக்கு வயசாச்சு' என்று சென்னைக்குத் திரும்பினால், சட்டத்தின் பார்வையில் அவர்கள் 'வெளிநாடு செல்லும் பெல்ஜியர்கள்'. சென்னை ஆஸ்பத்திரி பில்லுக்கு இங்கேயே பாலிசி எடுத்தாக வேண்டும். வயதும் பழைய நோயும் பிரீமியத்தைக் கூட்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

'இத்தனை வருஷம் கட்டினேனே?'

கிளம்புபவர்களின் கோபம் இங்கேதான் வெடிக்கிறது. 'பத்து வருஷம் சம்பளத்தில் பிடிச்சாங்க. இப்போ நான் போனதும் ஒண்ணும் இல்லையா?' கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தெரியும். ஆனால், 1944 டிசம்பர் 28-ம் தேதி ஆணையில் தொடங்கிய பெல்ஜியச் சமூகப் பாதுகாப்பு சேமிப்புக் கணக்கு அல்ல. இந்த மாதம் கட்டுகிற பணம் இந்த மாத நோயாளிக்குப் போகிறது. உங்கள் பெயரில் அது எங்கேயும் தேங்கி நிற்கவில்லை. நீங்கள் அங்கே இருந்தவரை நோய் வந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்ற உறுதிக்குத்தான் பணம் கட்டினீர்கள். அந்த உறுதி காப்பாற்றப்பட்டது. சந்தா கட்டாமல், அங்கே வாழாமல், முகவரியை மட்டும் விட்டுவைத்துப் பலனைக் கேட்பது மற்றவர் தட்டிலிருந்து எடுப்பதுபோல.

அரசின் தவறு என்ன?

அதற்காக அரசுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. கிளம்புபவர் நகராட்சியில் ஒரு கதவையும், சங்கத்தில் இன்னொரு கதவையும், தூதரகத்தில் மூன்றாவது கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது. ஒரு கதவைத் தட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது மனித இயல்பு. இத்தனைக்கும், சமூகப் பாதுகாப்பு அமைப்புகளின் தகவல்களை இணைக்க 1990-லேயே தனி நிறுவனம் அமைத்த நாடு இது. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. குடிமகனிடம்தான் யாரும் பேசுவதில்லை.

மாடல் 8-ஐ அச்சிட்டுக் கொடுக்கும் அதே மேசையில் ஒரு கேள்வி கட்டாயமாக வேண்டும்: 'நாளையிலிருந்து உங்க மருத்துவச் செலவுக்கு யார் பொறுப்பு?' பதில் தெரியாதவருக்கு, அவர் போகும் நாட்டுக்கேற்ற ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்தால் போதும். பெரிய செலவு இல்லை. பயந்து முகவரியை ஒளித்துவைப்பவர்களில் பலர் அதன்பின் தாமாகவே பதிவை நீக்குவார்கள். பதிவேடும் உண்மையைச் சொல்லும்.

அது வரும்வரை, கிளம்புபவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

• டிக்கெட் போடும் முன் சங்கத்திடம் பேசுங்கள். எஸ்1, ஏ1, காப்பீட்டுக் கால அத்தாட்சி இவற்றில் எது உங்களுக்கு, யாரிடம் வாங்கணும் என்று கேளுங்கள்.

• ஓராண்டுக்குள் திரும்புவீர்களா, மாட்டீர்களா என்று முடிவெடுத்து, அதை நகராட்சியில் உள்ளபடி சொல்லுங்கள்.

• புதிய நாட்டில் காப்பீடு என்று தொடங்குகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். இடையில் ஒரு நாள் இடைவெளி இருந்தாலும் பயணக் காப்பீடு எடுங்கள்.

• போனதும் தூதரகத்தில் பதியுங்கள்.

• திரும்பி வந்தால், புதிய வீட்டுக்குக் குடிபோன 8 வேலை நாட்களுக்குள் நகராட்சியில் பதிந்து, சங்கத்தில் மறுபடி சேருங்கள்.

லிஸ்பன் இளைஞருக்கு கென்ட்டில் ஒரு வீடு எப்போதும் திறந்திருக்கும். அது அம்மா தருவது. அதற்குப் பதிவு தேவையில்லை. கால் உடைந்தால் யார் பார்த்துக்கொள்வது என்பது வேறு கேள்வி. அதற்கான பதில், அவர் உண்மையில் வாழும் ஊரின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.