மணமகள் பத்தியில் நிறம் எதற்கு?

ஆண்பிள்ளை இல்லையே என்று அப்பா அலுத்துக்கொள்வார். அதைக் கேட்டு நொந்துபோகும் மாநிறப் பெண் முகத்தில் கிரீமைத் தடவுவாள். வெளுப்பாள், விமானப் பணிப்பெண் ஆவாள், பெற்றோரை ஓட்டலுக்கு அழைத்துப்போவாள். இருபது ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சியில் ஓடிய ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம் இது. படிப்பு, திறமை எதற்கும் கதையில் இடமில்லை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடிய பிறகு 2003-இல் அது நின்றது.

1975-இல் அந்த கிரீம் கடைக்கு வருவதற்கு முன்பே, பெண் பார்க்கப் போன வீடுகளில் ‘பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி’ என்ற முணுமுணுப்பு இருந்தது. அந்த முணுமுணுப்புக்கு விளம்பரம் ஒரு மருந்துச்சீட்டு எழுதியது. பிறவியில் வந்த நிறம், முயன்றால் போக்கிக்கொள்ளக்கூடிய குறையாயிற்று. அப்புறமும் ஒருத்தி கறுப்பாக இருந்தால் அது அவள் சோம்பேறித்தனம்!

தமிழ் சினிமாவும் சளைத்ததல்ல. ரஜினிகாந்தும் விஜயகாந்தும் கறுப்பாகவே உச்சிக்குப் போனார்கள், ரசிகர்கள் கொண்டாடினார்கள். நாயகர்களுக்கு ஜோடி தேடத்தான் தயாரிப்பாளர்கள் மும்பைக்கு விமானம் ஏறினார்கள். தமிழ் தெரியாவிட்டால் பின்னணிக் குரல் இருக்கிறது. நிறத்துக்கு அப்படிச் சலுகை இல்லை.

எதிர்ப்பும் இங்கிருந்தே கிளம்பியது. சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்தார். 2014-இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கறுப்பானவர்களை வேலைக்கோ கல்யாணத்துக்கோ லாயக்கற்றவர்களாகக் காட்டக்கூடாது என்று விதி வகுத்தது. கிரீமின் பெயரோ 2020-இல்தான் குளோ அண்ட் லவ்லி ஆனது. இங்கே பெண்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டும் அசையாத பெயர், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொதித்தபோது சில வாரங்களில் மாறியது.

ஆசை மாறவில்லை. 2023-இல் கேரளத்தின் மலப்புரத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலரை விசாரித்த மருத்துவர்கள், அவர்கள் சிவப்பழகு கிரீம்களைப் பூசிவந்ததைக் கண்டறிந்தார்கள். அவற்றில் சேர்க்கப்படும் பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நிறம் பார்த்து வரன் தேடும் வசதியை ஷாதி டாட் காம் தளம் 2020-இல் நீக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களின் ‘மணமகள் தேவை’ பத்திகளில் மட்டும் ‘சிவந்த நிறம்’ இன்னும் காசுக்கு அச்சேறுகிறது. இரண்டு சொல்லுக்கான கட்டணம் போனால் எந்தப் பத்திரிகையும் நொடித்துப்போகாது. இந்த நாளிதழே முதலில் நிறுத்தலாம்.